எம்பிபிஎஸ் படிக்கும் மகள் எல்லாவற்றையும் ஏஐ-யிடம் கேட்கிறாள், இது சரியா?

பண்ருட்டியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் புதுச்சேரியில் எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாடம் புரியவில்லை என்றால் புத்தகத்தைத் திறப்பதில்லை, சாட்ஜிபிடியைத்தான் கேட்கிறாள். இப்போது வார்டு போஸ்டிங், அதாவது வார்டில் நோயாளிகளைப் பார்த்துக் கற்கும் பயிற்சி தொடங்கிவிட்டது. கேஸ், அதாவது நோயாளியைப் பற்றிய குறிப்பு எழுதுவதற்கும் அதுவேதான். கல்லூரியில் யாரும் தடுக்கவும் இல்லை, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தரவும் இல்லை. இது நல்லதா, மாதாமாதம் பணம் கட்டி நல்ல பதிப்பாக வாங்கித் தரலாமா, இவள் படித்து முடிக்கும்போது டாக்டருக்கு வேலை இருக்குமா என்பவை அவருடைய கேள்விகள். பார்க்க மூன்று மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இப்படிப் படித்து வருகிற பெண், நாளைக்கு இரவுப் பணியில் ஒரு நோயாளி முன்னால் தனியாக நிற்கும்போது சுயமாக யோசிப்பாளா? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் 26 ஆண்டுகள் பொது மருத்துவத் துறையில் பாடம் எடுத்தவன். பெரும்பகுதி புதுச்சேரியில், கடைசிச் சில ஆண்டுகள் கடலூர் மாவட்டத்தில். இப்போது மஞ்சக்குப்பத்தில் காலை நேரத்தில் மட்டும் நோயாளிகளைப் பார்க்கிறேன். கணினித் துறை என் துறை இல்லை, எக்ஸ்ரே, ஸ்கேன் பார்ப்பதும் என் சிறப்புப் படிப்பு இல்லை. ஆகவே கீழே எழுதுவதில் ஆராய்ச்சியில் வந்தது எது, நான் வார்டில் கண்டது எது, என் ஊகம் எது என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததில் தொடங்கலாம். இந்த இயந்திரங்களுக்குப் பாட அறிவு இருக்கிறது, அதை மறுப்பதில் பயனில்லை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. 2023 தொடக்கத்திலேயே, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கேள்விகளில் அது தேர்ச்சி மதிப்பெண்ணை ஒட்டி வாங்குகிறது என்று ஆய்வு வெளிவந்துவிட்டது. அடுத்து 2024 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை உங்கள் மகள் கட்டாயம் படிக்க வேண்டும். 50 மருத்துவர்களை இரண்டு பிரிவாக்கி, சிக்கலான நோயாளிக் குறிப்புகளைக் கொடுத்து, நோயைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான புத்தக, இணைய வசதி மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு ஏஐ-யும் உண்டு. ஏஐ வைத்திருந்தவர்களின் மதிப்பெண் 76 சதவீதம், இல்லாதவர்களுக்கு 74. கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே குறிப்புகளை ஏஐ-யிடம் மட்டும் கொடுத்தபோது 92.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, டாக்டரைவிட மிஷின் மேல்" என்று பலர் எழுதினார்கள். என் மாணவர்களிடம் நான் வேறொன்றைக் கவனிக்கச் சொல்வேன். அந்த 92 மதிப்பெண் ஒரு தாளுக்குக் கிடைத்தது. யாரோ ஒரு டாக்டர் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, தொட்டுப் பார்த்து, வேண்டாததைத் தள்ளி, வேண்டியதை ஒழுங்குபடுத்தி எழுதி முடித்த தாள். பாதி மருத்துவம் அந்தத் தாளை எழுதுவதிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் மகள் இரண்டாம் ஆண்டில் கற்க வந்திருப்பது அதைத்தான்.

நம் ஊர் ஓபியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். "மயக்கமா வருது சார்" என்று ஒருவர் வருவார். அது தலை சுற்றலாக இருக்கலாம், கண் இருட்டிக்கொண்டு வருவதாக இருக்கலாம், உண்மையிலேயே நினைவு தப்பி விழுந்ததாகவும் இருக்கலாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்த பலவீனத்துக்கும் அதே சொல்தான். ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய வழி வேறு. காதில், இதயத்தில், மூளையில், ரத்தச் சர்க்கரையில் என்று நான்கு திசை. "வாயு பிடிச்சிருக்கு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வரும் ஐம்பது வயதுக்காரருக்கு ஈசிஜி எடுத்தால் மாரடைப்பாக இருக்கலாம். "சூடு பிடிச்சிருக்கு" என்றால் நீர்க்கடுப்பா, வயிற்றுப்போக்கா, கண் எரிச்சலா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதுநகர் மீனவர் ஒரு மாதிரி சொல்வார், நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி வேறு மாதிரி சொல்வார், பாகூர்ப் பாட்டி மருமகள் வெளியே போகும்வரை வாயே திறக்க மாட்டார். மாணவி அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக மாற்றி இயந்திரத்தில் தட்டும் அந்த நொடியில், நோய் பாதி தீர்மானமாகிவிடுகிறது. மயக்கத்தை அவள் தவறாக மொழிபெயர்த்தால், அதற்கப்புறம் வரும் பதில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறொரு நோயாளிக்கான பதில்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மழைக்காலம், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர், எட்டு நாள் காய்ச்சல். முந்திரித் தோப்பில் வேலை செய்பவர். இறுதியாண்டு மாணவன் ஒருவன் கேஸ் படித்தான். பிரமாதமாக இருந்தது. டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைஃபஸ், மலேரியா, டைஃபாய்டு என்று வரிசையாகச் சொல்லி, எதை எதனால் தள்ளலாம் என்றும் சொன்னான். உடல் பரிசோதனையில் "எஸ்கார் இல்லை" என்று ஒரு வரி. எஸ்கார் என்பது உண்ணிப் பூச்சி கடித்த இடத்தில் வரும் கறுத்த பொருக்கு, சிகரெட்டால் சுட்ட மாதிரி இருக்கும், வலிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். "எங்கெங்கே பார்த்தாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. பெண் பிஜி (பட்டமேற்படிப்பு மருத்துவர்) ஒருவர் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். இடது அக்குளில் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. டாக்சிசைக்ளின் கொடுத்தோம், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

அவன் சோம்பேறி இல்லை, நல்ல பையன். பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது உள்ளதைச் சொன்னான். தான் கேட்ட நாலைந்து விவரங்களைப் போனில் தட்டி, "கேஸ் ஷீட்டாக எழுதிக் கொடு" என்று கேட்டிருக்கிறான். அவன் பார்க்காத இடங்களையெல்லாம் இயந்திரம் "இயல்பு", "இல்லை" என்று நிரப்பிக் கொடுத்துவிட்டது. வழக்கமான கேஸ் ஷீட்டில் அந்த இடத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும், ஆகவே அதுவும் எழுதியது. அதே இயந்திரம், நோய்ப் பட்டியலுக்குக் கீழே "எஸ்கார் இருக்கிறதா என்று உடல் முழுக்கப் பாருங்கள்" என்று சரியாகவும் சொல்லியிருந்தது. அறிவுரை சரி, அதைச் செய்யக் கை போகவில்லை. செய்ததாகத் தாளில் மட்டும் இருந்தது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது மருத்துவத்தில் மிகப் பெரிய குற்றம் என்று நாங்கள் முதல் நாளிலிருந்து சொல்கிறோம். தன்னை அறியாமலேயே ஒரு மாணவன் அதைச் செய்துவிட முடிகிறது என்பதுதான் எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம். உங்கள் மகளிடம் ஒன்றே ஒன்று சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள்: கேஸ் ஷீட்டை அவள் கையால், நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே எழுதட்டும். பார்க்காததை "பார்க்கவில்லை" என்றே எழுதட்டும்.

நினைவாற்றலும் கையும் மழுங்குமா என்பது அடுத்தது. இதில் ஒரு நல்ல சான்று உண்டு, ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். போலந்தில் நான்கு மையங்களில், பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்யும் அனுபவமுள்ள மருத்துவர்களைக் கவனித்தார்கள். கட்டிகளைச் சுட்டிக்காட்டும் ஏஐ அவர்களுக்கு அறிமுகமாவதற்கு முன், அவர்கள் செய்த பரிசோதனைகளில் 28.4 சதவீதத்தில் புற்றாக மாறக்கூடிய கட்டியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பழகிய பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அது 22.4 சதவீதமாகக் குறைந்தது. 2025-இல் வெளிவந்த ஆய்வு இது. நடந்ததைத் திரும்பிப் பார்த்த ஆய்வுதான், ஆகவே ஏஐ-தான் காரணம் என்று அறுதியிட முடியாது. அவர்கள் கற்றுத் தேர்ந்தவர்கள், மாணவர்களும் இல்லை. ஆனாலும் ஏற்கெனவே கற்றவர்களுக்கே இப்படி ஆகலாம் என்றால், இன்னும் கற்காதவர்களைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். இது என் ஊகம், நிரூபணம் இல்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேன் எல்லா இடத்திலும் வந்த பிறகு, ஸ்டெதஸ்கோப்பில் மர்மர் என்கிற இதய இரைச்சலைக் கேட்கும் பொறுமை இளைய தலைமுறையிடம் குறைந்ததை நானே கண்டேன். அதற்காக எக்கோவே வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. முதலில் காதால் கேள், என்ன என்று எழுது, அப்புறம் எக்கோ அறிக்கையைப் பார் என்பேன். அந்த வரிசையில் படித்தவர்களுக்கு எக்கோ ஆசிரியராகவே இருந்தது.

ஏஐ விஷயத்திலும் என் நிலை அதுவே. தன் பதிலை எழுதி முடித்தபின் அதைக் கேட்டால் படிப்பு, அதற்கு முன் கேட்டால் நகல். இப்படிப் படிக்கும் மாணவர்கள் ஒட்டுமொத்தமாக நல்ல டாக்டர்களாக வருவார்களா, மோசமாக வருவார்களா என்பது இன்று யாருக்கும் தெரியாது, தெரிய வழியும் இல்லை. முதல் நாளிலிருந்தே சாட்ஜிபிடியோடு படித்த முதல் தொகுதி 2023-இல் சேர்ந்தவர்கள். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் காலமும் முடிந்து அவர்கள் வெளியே வரும்போது 2029 ஆகிவிடும். அதற்கு முன்னால் நிச்சயமாகப் பேசுகிறவர்களை, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, நம்ப வேண்டாம்.

சரி, எப்படிப் பயன்படுத்தலாம்? நான் பார்த்தவரை மிகச் சிறப்பாக வேலை செய்வது நோயாளியாக நடிக்க வைப்பதுதான். "நீ வில்லியனூரைச் சேர்ந்த 55 வயது ஆட்டோ ஓட்டுநர், உனக்கு ஒரு நோய் இருக்கிறது, நான் கேட்டால் மட்டும் சொல், பேச்சுத் தமிழில் பதில் சொல், மருத்துவச் சொல் எதுவும் பயன்படுத்தாதே" என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். முடிந்ததும் "நான் என்ன கேட்க மறந்தேன்?" என்று கேட்க வேண்டும். என்னிடம் படித்த சில மாணவிகள் இரவில் விடுதியில் இப்படிப் பழகிவிட்டு வந்தார்கள். காலையில் நோயாளியிடம் விவரம் கேட்டு ஹிஸ்டரி எடுக்கும்போது தயக்கம் குறைந்திருந்தது கண்கூடாகத் தெரிந்தது. அதன் பேச்சுத் தமிழ் சில நேரம் எந்த ஊர்த் தமிழும் இல்லாமல் இருக்கும், பழகுவதற்கு அது போதும். சிறுநீரகம் எப்படி நீரைச் செறிவாக்குகிறது என்பது போன்ற உடலியங்கியல் முடிச்சுகளை நாலு விதமாக விளக்கச் சொல்லலாம். விளக்கத்தை வாங்கி வைத்துக்கொள்வதைவிட, தான் ஒரு விளக்கம் எழுதி அதில் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வது இன்னும் நல்லது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு, நூறு பேர் நடுவில் கேட்க முடியாத சின்னச் சந்தேகத்தைக் கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இது சிறிய விஷயம் இல்லை. தமிழ்வழியில் படித்து நீட் எழுதி வந்த பிள்ளைகள் முதலாண்டில் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது பெரிய துணை.

மருந்தும் அளவும் மட்டும் வேறு கதை. இயந்திரம் படித்ததில் பெரும்பங்கு மேல்நாட்டு எழுத்து. காசநோய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், இதில் பேதமில்லை. அடுத்த நான்கு மாதத்துக்குப் பல நாட்டு நூல்களில் ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் மட்டும் இருக்கும். நம் தேசியத் திட்டத்தில் எத்தாம்புட்டாலும் சேர்த்து மூன்று. பாம்புக்கடியிலும் அப்படியே. அமெரிக்கப் பாம்புகளுக்கான விஷமுறிவும் அதன் அளவும் வேறு. நம்மிடம் இருப்பது நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்த ஒரே மருந்து. ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்துப் பார்ப்பது நம் கிராமத்து ஆஸ்பத்திரியில் இன்றும் உயிர் காக்கும் சோதனை. இந்தியா என்று குறிப்பிட்டுக் கேட்டால் இயந்திரம் பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே! மருந்தின் பெயர், அளவு, நாள் கணக்கு ஆகியவற்றைத் தேசிய வழிகாட்டியிலோ பாடநூலிலோ பார்த்த பிறகே நோட்டில் ஏற்றட்டும். மேற்கோள் கட்டுரைகளும் அப்படித்தான். ஒரு பிஜி மாணவரின் ஆய்வேட்டைத் திருத்தும்போது இரண்டு கட்டுரைகளைத் தேடித் தேடிப் பார்த்தேன், அப்படிக் கட்டுரைகளே கிடையாது. தலைப்பும் இதழின் பெயரும் ஆண்டும் மட்டும் அசலைப் போலவே இருந்தன.

இன்னொன்று, கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து ஏற்றுவது. பிள்ளைகள் இதை யோசிக்காமல் செய்கிறார்கள். பெயர், வயது, ஊர், நோய் எல்லாம் நோயாளியுடையவை, அவரைக் கேட்காமல் வெளியே அனுப்ப நமக்கு உரிமை இல்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஏஐ-க்கான அறநெறி வழிகாட்டி வெளியிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நம் தொழிலின் முதல் வாக்கு.

கல்லூரிகள் பற்றி நீங்கள் சொன்னது நியாயமான குறை. 2019-இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தபோது, நோயாளியிடம் பேசும் விதத்துக்கும் அறநெறிக்கும் தனி நேரம் ஒதுக்கினார்கள், செய்த பயிற்சியைப் பதிய லாக் புக் வைத்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் சாகும் தறுவாயில் இருந்த நோயாளியைப் பார்த்த பிறகு மனதில் பட்டதை எழுதச் சொன்னால், பலருடைய தாளில் ஏஐ எழுதிக் கொடுத்த ஒரே வாக்கியங்கள் வருகின்றன. அந்தத் தாள்களைத் திருத்தும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது. ஏஐ-க்குத் தடை போட்டால் நிற்காது. எழுத்தைக் குறைத்து, கட்டில் பக்கத்து வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வைக் கூட்டுவதுதான் வழி.

கல்லூரி கற்றுத்தர வேண்டியது இன்னொன்றும் உண்டு, அது கணக்கு. காசநோயைத் தேட, மார்பு எக்ஸ்ரேயை மென்பொருள் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பரிந்துரைத்துவிட்டது. ஆகவே உங்கள் மகள் வேலைக்குப் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இருக்கக்கூடும். ஒரு கருவி நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விடுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கிராம முகாமில் 1000 பேர், அதில் 10 பேருக்குத்தான் நோய். கருவி 9 பேரைப் பிடிக்கும், கூடவே நோயில்லாத 99 பேரையும் பிடிக்கும். அது சுட்டிய 108 பேரில் உண்மை நோயாளி 9 பேர்தான். அதே கருவியை, இருமலோடு வருகிற 1000 பேரில் 200 பேருக்கு நோய் உள்ள ஒரு நெஞ்சக ஓபியில் வைத்தால், சுட்டிய 260 பேரில் 180 பேர் உண்மை நோயாளிகள். கருவி மாறவில்லை, இடம் மாறியது. சமூக மருத்துவத்தில் இந்தப் பாடம் காலங்காலமாக இருக்கிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இனி இதை மறந்த டாக்டர் தினமும் தடுமாறுவார்.

வேலை இருக்குமா என்பதற்குச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 2016-இல் சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் ஏஐ பற்றிய பெரிய ஆய்வு வந்தது. 1,28,175 கண் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அதில் உண்டு. அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நோயின் அளவைக் குறித்துக் கொடுத்தவர்கள் கண் மருத்துவர்களும் கண் மருத்துவப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுமாக 54 பேர். அதாவது, இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்ததே டாக்டர்கள்தான். எக்ஸ்ரே, நுண்ணோக்கி ஸ்லைடு, விழித்திரை என்று படம் பார்க்கும் துறைகளில் வேலையின் வடிவம் மாறும். காய்ச்சலோடு வந்த அம்மாவின் கையைத் தூக்கிப் பார்க்கும் வேலைக்கு ஆள் தேவைப்படாமல் போவதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பணம் கட்டி வாங்குவதைப் பொறுத்தவரை, இப்போதைக்கு வேண்டாம். இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்கு இலவசப் பதிப்பே போதும். மூன்று மாதம் கழித்து அவளுடைய கேஸ் நோட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. நோயாளி சொன்ன சொல் அப்படியே, தமிழில், மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கிறதா, அங்கங்கே "பார்க்கவில்லை", "கேட்க மறந்தேன்" என்று இருக்கிறதா, அடித்துத் திருத்தியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், அவள் கேட்கும்போது தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.